டாமினன்ட், ரிசெஸிவ், ஃபிட்னஸ்: ஒரு ஷீட்ல போட்டு நீங்களே கணக்கு பாக்குறது எப்படி

அண்ணன் பொண்ணு பி.எஸ்சி அக்ரி படிக்கிறா, போன வாரம் நைட்டு பத்து மணிக்கு போன் பண்ணி, "அத்தை, டாமினன்ட் ஜீன்னா அதுதான கடைசில ஊர் பூரா பரவும், அப்புறம் எதுக்கு ரிசெஸிவ் வியாதியெல்லாம் இன்னும் இருக்கு"ன்னு கேட்டா. நல்ல கேள்வி. ஸ்கூல் புக்ல ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்புன்னு பேரு வெச்சிருக்கறதால ஓங்குறது ஜெயிக்கும், ஒடுங்குறது காணாம போகும்னு எல்லாருக்கும் தோணும், எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தோணுச்சு. போன்ல சொல்லி புரிய வைக்க முடியல, ஒரு ஷீட் போட்டு அனுப்பினேன். அதையே இங்க விளக்கமா எழுதுறேன். மொபைல்ல இருக்கற ஷீட் ஆப் போதும், கூட்டல் பெருக்கல் வகுத்தல் தெரிஞ்சா போதும்.

மொதல்ல அந்த "பரவும்"ங்கற விஷயத்த முடிச்சிடுவோம். 1908-லயே இதே சந்தேகம் பெரிய ஆளுங்களுக்கு வந்திருக்கு. விரல் குட்டையா இருக்கற ஒரு பண்பு டாமினன்ட், அப்போ காலப்போக்குல நாலுல மூணு பேருக்கு குட்டை விரல் வரணுமேன்னு ஒரு பேச்சு கிளம்புச்சு. அதுக்கு பதில் எழுதுனது யாருன்னு பாத்தா நம்ம ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு கூப்பிட்ட அதே ஹார்டிதான். இது வெறும் வாய்ப்பாடு லெவல் கணக்குப்பாங்கற தோரணைல ஒரு குட்டி லெட்டர் எழுதி, இயற்கைத் தேர்வு எதுவும் நடக்கலைன்னா எந்த அலீலும் (ஒரே ஜீனோட வெவ்வேறு வடிவம்) கூடாது குறையாது, டாமினன்ட்டா ரிசெஸிவ்வாங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு காட்டிட்டாரு. ஜெர்மனில வைன்பெர்க்னு ஒரு டாக்டரும் அதே வருஷம் தனியா இதையே சொல்லியிருந்தாரு, அதனால ரெண்டு பேர் பேரும் சேந்து ஒட்டிக்கிச்சு. ஆக டாமினன்ஸ் தானா எதையும் பரப்பாது. இயற்கைத் தேர்வு உள்ள வந்தப்புறம்தான் அதுக்கு வேலையே ஆரம்பிக்குது, அந்த வேலை என்னன்னா தேர்வோட கண்ணுக்கு எது தெரியும் எது தெரியாதுன்னு முடிவு பண்றது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு ஜீன்ல ரெண்டு அலீல்னு வெச்சுக்கோங்க, நல்லது ந, கெட்டது கெ. ஆளுக்கு ரெண்டு காப்பி இருக்கறதால மூணு வகை ஆளுங்க வருவாங்க: நந, நகெ, கெகெ. நடுவுல இருக்கற நகெ-தான் கேரியர். கெட்டது எத்தனை பங்கு இருக்குங்கறதுக்கு க்யூ, நல்லதுக்கு பி, ரெண்டையும் கூட்டினா எப்பவும் 1. கல்யாணம் எல்லாம் கலந்து கட்டி நடக்குதுன்னா நந ஆளுங்க பி×பி, நகெ ஆளுங்க 2×பி×க்யூ, கெகெ ஆளுங்க க்யூ×க்யூ.

இப்ப ரெண்டு நம்பர் வேணும். ஒண்ணு எஸ், அதாவது கெகெ ஆளுக்கு எவ்வளவு அடி விழுது. எஸ் 1-ன்னா உயிர் பிழைச்சு புள்ள பெத்துக்க வாய்ப்பே இல்ல, 0.5-ன்னா பாதி வாய்ப்பு. இன்னொண்ணு ஹெச், அந்த அடில கேரியருக்கு எத்தனை பங்கு விழுது. ஹெச் 0-ன்னா கேரியருக்கு ஒண்ணுமே ஆகாது, கெட்டது முழு ரிசெஸிவ். ஹெச் 1-ன்னா கேரியரும் அதே அளவு அடி வாங்குவான், கெட்டது முழு டாமினன்ட். நிஜத்துல பாதிக்கு மேல கேஸ் நடுவுலதான் எங்கயோ இருக்கும். அதனால டாமினன்ட்டா ரிசெஸிவ்வான்னு ஸ்விட்ச் மாதிரி நினைக்காதீங்க, ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி நினைங்க, ஹெச்-ங்கறது அந்த திருகு.

ஃபிட்னஸ், அதாவது பிழைச்சு புள்ள பெத்துக்கற வாய்ப்பு, இப்படி வரும்: நந-க்கு 1, நகெ-க்கு 1 − ஹெச்×எஸ், கெகெ-க்கு 1 − எஸ். மொத்தக் கூட்டத்தோட சராசரி ஃபிட்னஸ் = 1 − 2×பி×க்யூ×ஹெச்×எஸ் − க்யூ×க்யூ×எஸ். இந்த ஒரு வரிதான் மேட்டரே. 1-ல இருந்து எவ்வளவு கொறஞ்சிருக்கோ அதுக்கு ஜெனடிக் லோடுன்னு பேரு, நம்ம பாஷைல கூட்டம் சுமக்குற பாரம்.

ஷீட் போடாம முதல் தலைமுறைய கையிலயே போட்டு பாத்துடுங்க, அப்பதான் மனசுல நிக்கும். 1000 பேர், க்யூ 0.1, எஸ் 0.5. நந 810, நகெ 180, கெகெ 10. கெட்டது முழு ரிசெஸிவ்வா இருந்தா அடி விழுறது அந்த 10 பேருக்கு மட்டும், பாதி போச்சு, 5 பேர். மிச்சம் 995, ஃபிட்னஸ் 0.995. அதே கெட்டது முழு டாமினன்ட்னா 190 பேருக்கும் அடி, 95 பேர் காலி, ஃபிட்னஸ் 0.905. ஹெச் 0.5-ன்னா நடுவுல, 50 பேர், 0.95. எஸ் மூணுலயும் ஒண்ணுதான், அலீலோட கெட்ட குணம் துளி மாறல, ஆனா சேதம் 5, 50, 95.

இத பாத்து "அப்ப ரிசெஸிவ்தான் கூட்டத்துக்கு நல்லது"ன்னு சொல்லிடாதீங்க, அண்ணன் பொண்ணு அதைத்தான் சொன்னா. அடுத்த தலைமுறைக்கு என்ன மிஞ்சுதுன்னு பாருங்க. ரிசெஸிவ் கேஸ்ல பிழைச்ச 995 பேர்கிட்ட மொத்தம் 1990 காப்பி, அதுல கெட்டது 180 + 10 = 190, க்யூ 0.0955. குறையவே இல்லன்னு சொல்லலாம். டாமினன்ட் கேஸ்ல பிழைச்சது 905, காப்பி 1810, கெட்டது 100, க்யூ 0.0553. ஒரே தலைமுறைல கிட்டத்தட்ட பாதி.

இப்ப ஷீட். மேல மூணு கட்டத்துல எஸ், ஹெச், ஆரம்ப க்யூ போட்டுக்கோங்க. கீழ அஞ்சு காலம் (டைம் இல்லங்க, மேல இருந்து கீழ ஓடுமே அந்த காலம்): தலைமுறை நம்பர், க்யூ, பி, சராசரி ஃபிட்னஸ், அடுத்த க்யூ. அடுத்த க்யூவுக்கு ஃபார்முலா: பி×க்யூ×(1 − ஹெச்×எஸ்) + க்யூ×க்யூ×(1 − எஸ்), இந்த மொத்தத்தையும் சராசரி ஃபிட்னஸால வகுக்கணும். அடுத்த வரில க்யூவா இத எடுத்துக்கிட்டு 200 வரி கீழ இழுத்து விடுங்க. மேல இருக்கற எஸ், ஹெச் கட்டங்களுக்கு டாலர் குறி போட்டு லாக் பண்ண மறக்காதீங்க, இல்லன்னா இழுக்கும்போது அதுவும் சேந்து கீழ நழுவிடும்.

நான் முதல் தடவ போட்டப்ப நல்லதோட பங்கையும் இதே மாதிரி தனியா கணக்கு போட்டு, ரெண்டுலயும் அந்த சராசரியால வகுக்கறத விட்டுட்டேன். நல்லது கெட்டது ரெண்டும் சேந்து குறைஞ்சுட்டே போச்சு, கூட்டமே அழியுதுன்னு நினைச்சு ஒரு சாயங்காலம் பூரா எஸ்-ஐ மாத்தி மாத்தி பாத்துட்டு இருந்தேன். அந்த ரெண்டையும் கூட்டி 1 வருதான்னு செக் பண்ண ஒரு காலம் வெச்சிருந்தா ரெண்டு நிமிஷத்துல மாட்டியிருக்கும். நீங்க வெச்சுக்கோங்க. எஸ் 0.5, ஹெச் 0.5, க்யூ 0.1-க்கு முதல் வரில 0.95-ம் அடுத்த க்யூ 0.0763-ம் வந்தா உங்க ஷீட் சரி.

இப்ப ஹெச்-ஐ திருகி விளையாடுங்க. ஹெச் 1 போட்டா பத்தாவது தலைமுறைல கெட்டது ஆயிரத்துல ஒண்ணுக்கும் ரொம்ப கீழ போயிடும், ஃபிட்னஸ் 0.905-ல ஆரம்பிச்சு சர்ருன்னு 1-க்கு ஏறிடும். ஹெச் 0 போட்டா பத்தாவது தலைமுறைலயும் 0.07 பக்கத்துலயே நிக்கும், நூறு தலைமுறை ஆனாலும் 0.017 இருக்கும். டாமினன்ட் கெட்டது மொத்தமா அடிச்சிட்டு போயிடுது, ரிசெஸிவ் கெட்டது தினமும் வந்து நூறு ரூபா கேக்குற சொந்தக்காரன் மாதிரி போகவே போகாது.

ஏன் போகலைங்கறதுக்கு 10,000 பேர எடுத்து எண்ணிப் பாருங்க, க்யூ 0.01. கெகெ ஒரே ஒரு ஆள். கேரியர் 198 பேர். கெட்ட காப்பி மொத்தம் 200, அதுல 198 கேரியர்கிட்ட பத்திரமா ஒளிஞ்சிருக்கு, 2 மட்டும்தான் தேர்வு கண்ணுல படுது. அது எவ்வளவு கொடூரமான வியாதியா இருந்தாலும் சரி, தேர்வு கைவைக்க முடிஞ்சது 200-ல 2. க்யூ குறையக் குறைய ஒளியற பங்கு இன்னும் கூடும்.

எஸ் 1, ஹெச் 0 போட்டா ஒரு அழகான குறுக்கு வழி இருக்கு: க்யூ பாதியாக ஆகுற தலைமுறை எண்ணிக்கை 1-ஐ க்யூவால வகுத்தா வரும். 0.1-ன்னா 10 தலைமுறை, 0.01-ன்னா 100. மனுஷ தலைமுறைய 25 வருஷம்னு வெச்சா 100 தலைமுறை 2500 வருஷம். கீழடில செங்கல் அடுக்கிட்டு இருந்த காலத்துல ஆரம்பிச்சிருந்தா இப்பதான் 0.01 பாதியா 0.005 ஆகியிருக்கும், அதுவும் அந்த வியாதி உள்ள ஒரு குழந்தை கூட புள்ள பெத்துக்கலன்னாதான். அமெரிக்காவுல 1907-ல இண்டியானா மாநிலத்துல ஆரம்பிச்சு "கெட்ட ஜீன்"காரங்களுக்கு கட்டாய கருத்தடைன்னு சட்டம் போட்டாங்க, சுப்ரீம் கோர்ட்டே 1927-ல சரின்னுச்சு. மனுஷத்தனமே இல்லாத வேலைங்கறது ஒரு பக்கம், இந்த வாய்ப்பாடு கணக்கு படியே அது வேலைக்கு ஆகாததுங்கறது இன்னொரு பக்கம்.

அடுத்து ஷீட்ல ம்யூட்டேஷன் (ஜீன்ல தானா வர்ற மாற்றம்) சேக்கணும், ஏன்னா நிஜத்துல கெட்டது போயிட்டே இருக்கும்போது புதுசா வந்துட்டும் இருக்கு. அடுத்த க்யூ காலத்துல கடைசியா, பி × ம்யூட்டேஷன் ரேட் கூட்டி விடுங்க. லட்சத்துல ஒண்ணுன்னு வைங்க, 0.00001. எதாவது ஒரு இடத்துல வரவும் செலவும் சமமாகி க்யூ நின்னுடும். முழு ரிசெஸிவ்னா நிக்குற இடம், ம்யூட்டேஷன் ரேட்ட எஸ்-ஆல வகுத்து அதுக்கு வர்க்கமூலம். எஸ் 1-ன்னா க்யூ 0.00316, கேரியர் கிட்டத்தட்ட 160 பேர்ல ஒருத்தர், வியாதி லட்சத்துல ஒருத்தர். கேரியர் கொஞ்சம் கூட அடி வாங்குறான்னா (ஹெச் 0 இல்லன்னா) நிக்குற இடம் ம்யூட்டேஷன் ரேட் வகுத்தல் ஹெச்×எஸ்.

நான் ரெண்டு நாள் நம்பாம திரும்பத் திரும்ப போட்டு பாத்தது இந்த இடத்துலதான். ரிசெஸிவ், எஸ் 1: வியாதி லட்சத்துல 1, எல்லாம் சாவு, பாரம் 0.00001. ரிசெஸிவ், எஸ் வெறும் 0.1: க்யூ 0.01 வரைக்கும் ஏறும், வியாதி பத்தாயிரத்துல 1, ஒவ்வொண்ணும் பத்துல ஒரு பங்கு அடி, பாரம் மறுபடியும் 0.00001! எவ்வளவு கொடூரமான அலீல்ங்கறது கணக்குல இருந்தே கழண்டுடுது. கொடூரமானது சீக்கிரம் போயிடுது அதனால கொஞ்ச பேர்கிட்ட இருக்கு, லேசானது ரொம்ப நாள் தங்குது அதனால நிறைய பேர்கிட்ட இருக்கு, பெருக்கினா ஒண்ணுதான். இப்ப ஹெச் 0.5, எஸ் 0.1 போடுங்க: க்யூ 0.0002, பாரம் 0.00002, சரியா ரெண்டு மடங்கு. காரணம் சிம்பிள், ரிசெஸிவ்ல ஒரு சாவு நடந்தா ரெண்டு கெட்ட காப்பி சேந்து வெளிய போகும், கேரியர் செத்தா ஒரு காப்பிதான் போகும். வர்ற காப்பி எல்லாத்தையும் வெளிய தள்ள ரிசெஸிவ்ல பாதி சாவு போதும். 1937-ல ஹால்டேன்ங்கற பிரிட்டிஷ் விஞ்ஞானி போட்டுக் காட்டின கணக்கு இது. அவரு பின்னாடி 1957-ல இந்தியாவுக்கே வந்து, வேட்டி ஜிப்பாவோட கொல்கத்தா, புவனேஸ்வர்னு வேலை பாத்து, 1964-ல இங்கயே இறந்து போனாரு.

ஆனா முழு ரிசெஸிவ்ங்கறது புக்ல இருக்கற அளவுக்கு நிஜத்துல இல்ல. பழ ஈக்கள்ல (டிரோசோபிலா) உயிரையே எடுக்குற ரிசெஸிவ் அலீல்களை அளந்து பாத்தா கேரியருக்கும் சராசரியா ரெண்டு சதவீதம் பக்கத்துல அடி விழுது, ஹெச் 0.02. சின்ன நம்பர்தான, விட்டுடலாமேன்னு தோணும். ஷீட்ல போடுங்க: எஸ் 1, ஹெச் 0.02-ன்னா க்யூ 0.0005. முழு ரிசெஸிவ்ல 0.00316 இருந்தது, ஆறுல ஒரு பங்கா குறைஞ்சிடுச்சு. கேரியர் கூட்டம் அவ்வளவு பெருசு, அவங்க மேல லேசா ஒரு தட்டு தட்டினாலே தேர்வுக்கு போதும். அதனால ஹெச் 0-வா 0.02-ஆங்கறது 0.5-ஆ 0.7-ஆங்கறத விட பெரிய விஷயம், எக்ஸாம்ல இத யாரும் கேக்க மாட்டாங்க.

ஏன் பெரும்பாலும் கெட்டதுதான் ரிசெஸிவ்வா இருக்குன்னும் கேட்டா. ஃபிஷர்ங்கற விஞ்ஞானி 1928-ல, தேர்வே மெல்ல மெல்ல கேரியர நல்லவன் மாதிரி ஆக்கிடுச்சுன்னாரு. சீவல் ரைட்னு இன்னொரு விஞ்ஞானி, இல்லப்பா, அது உடம்பு வேலை செய்யற விதம்னாரு, பின்னாடி 1981-ல காக்ஸர், பர்ன்ஸ் ரெண்டு பேரும் என்சைம் கணக்கு போட்டு ரைட் பக்கம் பலமாக்கினாங்க. தெருக்குழாய் ரெண்டுல ஒண்ணு அடைச்சாலும் குடம் நிறையத்தான செய்யும், கொஞ்சம் லேட்டாகும் அவ்வளவுதான். ரெண்டும் அடைச்சாதான் தெருவே கத்தும்.

சொந்தத்துல கல்யாணம் பண்ற நம்ம ஊருக்கு ஷீட்ல ஒரு வரி கூடுதலா வேணும். கலந்து கட்டி கல்யாணம்னா கெகெ க்யூ×க்யூ. சொந்தம்னா அதோட எஃப்×பி×க்யூ கூட்டணும், எஃப்-ங்கறது குழந்தையோட ரெண்டு காப்பியும் ஒரே முன்னோர்கிட்ட இருந்து வந்திருக்க வாய்ப்பு. அத்தை பையன் மாமா பொண்ணுன்னா எஃப் பதினாறுல ஒண்ணு, தாய்மாமன் அக்கா பொண்ணுன்னா எட்டுல ஒண்ணு. க்யூ 0.01-க்கு போடுங்க: வெளில கட்டினா 10,000 குழந்தைல 1, அத்தை பையன்னா 7, தாய்மாமன்னா 13. ஹெச் 1 போட்டு டாமினன்ட் வியாதிக்கு பாத்தா சொந்தமோ அசலோ பெரிய வித்தியாசம் இல்ல, லேசா குறையக்கூட செய்யும். ஆக சொந்தத்துல கட்டினா புதுசா வியாதி உண்டாகுதுன்னு இல்ல, ஒளிஞ்சிருக்கற காப்பி ரெண்டும் ஒரே குழந்தைகிட்ட வந்து சேர வாய்ப்பு கூடுது. பல நூறு வருஷம் இப்படியே நடந்தா தேர்வு கண்ணுல அதிகம் பட்டு கெட்டது கொஞ்சம் கழியவும் செய்யும், ஆனா அந்த கழிவுக்கு விலை குடுக்கறது இன்னிக்கு பொறக்கற குழந்தைங்க. "அப்ப உங்க பையன் லிஸ்ட்லயே இல்ல அத்தை"ன்னுட்டா. என் பையன் ஆறாவது படிக்கிறான்.

இதுவரை கெட்டது. நல்ல ம்யூட்டேஷன் வந்தா ஹெச் வேற மாதிரி விளையாடும். இங்கிலாந்து அந்துப்பூச்சி கதை எல்லாரும் படிச்சதுதான், மான்செஸ்டர்ல 1848-ல கறுப்பு வகை கண்ணுல பட்டுச்சு, 1895 வாக்குல அங்க 98 சதவீதம் கறுப்பு, மில் புகைல மரமெல்லாம் கரி படிஞ்சு வெள்ளைப்பூச்சி பறவைக்கு பளிச்சுன்னு தெரிஞ்சதால. புக்ல சொல்லாத ஒண்ணு, கறுப்பு டாமினன்ட். அதனாலதான் முதல் பூச்சி ஒரே ஒரு காப்பி வெச்சிருக்கும்போதே முழுக்க கறுப்பா இருந்து பலன் வாங்குச்சு. அதே கறுப்பு ரிசெஸிவ்வா இருந்திருந்தா? பங்கு ஆயிரத்துல ஒண்ணா இருக்கும்போது ரெண்டு காப்பி சேந்த கறுப்புப் பூச்சி பத்து லட்சத்துல ஒண்ணு, அது பொறக்கறதுக்குள்ள அலீலே தொலைஞ்சு போயிருக்கும். நல்லது டாமினன்ட்டா இருந்தா மட்டும் ஈஸியா சல்லடைல தங்கும், இதுக்கு ஹால்டேன் சல்லடைன்னே பேரு. அப்பவும் ஈஸின்னு சொல்றது ஒரு பேச்சுக்குதான், பெரிய கூட்டத்துல கேரியருக்கு ஒரு சதவீதம் லாபம் தர்ற புது அலீல் நிலைச்சு நிக்க வாய்ப்பு சுமார் 2 சதவீதம், 50 தடவ வந்தா 49 தடவ வந்த சுவடே இல்லாம போயிடும்.

இன்னொண்ணும் பாருங்க. 98 சதவீதம் கறுப்பான அன்னிக்கு வெள்ளை 2 சதவீதம், ஆனா வெள்ளை ரிசெஸிவ், அதனால வர்க்கமூலம் எடுத்தா வெள்ளை அலீல் 14 சதவீதம் இன்னும் இருக்கு, கறுப்புப் பூச்சிக்குள்ள. 1956-ல அங்க புகைக்கு எதிரா சுத்தக் காற்று சட்டம் வந்து மரமெல்லாம் வெளுத்ததும் அந்த ஒளிஞ்ச 14 சதவீதம்தான் திரும்பி வந்துச்சு. போகும்போது கறுப்புக்கு ஒளிய இடமே இல்ல, ஒரு காப்பி இருந்தாலே கறுப்பு, அதனால கடைசி வரைக்கும் பறவை தேடித் தேடி கொத்துச்சு.

ஹெச்-ஐ 0-வுக்கும் கீழ போட்டா என்ன ஆகும்னு சிலருக்கு கை அரிக்கும். போடுங்க. அதாவது கேரியர் ரெண்டு பக்கத்தையும் விட நல்லா இருக்கான். சிக்கிள் செல் (ரத்த சிவப்பணு அரிவாள் மாதிரி வளையற வியாதி) அதுதான். மலேரியா இருக்கற ஊர்ல கேரியருக்கு பாதுகாப்புன்னு ஆலிசன்ங்கற விஞ்ஞானி கிழக்கு ஆப்பிரிக்காவுல ஆய்வு பண்ணி 1954-ல எழுதினாரு. இந்தியாவுல இந்த ஜீன முதல்ல கண்டுபிடிச்சது நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்ட, 1952-ல. கணக்குக்காக நானா ஒரு நம்பர் வைக்கிறேன்: ரெண்டு காப்பி இருந்தா பிழைக்கல, காப்பியே இல்லன்னா மலேரியால 15 சதவீதம் சாவு, கேரியருக்கு ஒண்ணும் இல்ல. இந்த அலீலே இல்லாத ஊர்ல 10,000 குழந்தைல 1500 போகும். அலீல் இருந்தா க்யூ 0.13-ல போய் நிக்கும், அங்க மலேரியால சுமார் 1134, சிக்கிள் செல்லால 170, மொத்தம் 1304. ஃபிட்னஸ் 0.85-ல இருந்து 0.87 ஆச்சு, அதுக்கு மேல ஏறவே ஏறாது, ஏன்னா எல்லாரும் கேரியரா இருக்க முடியாது, ரெண்டு கேரியர் கட்டிக்கிட்டா நாலுல ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம்னு பிரிஞ்சுடும். ஊர்ல மலேரியாவ ஒழிச்ச அன்னிக்கு அதே அலீல் கிட்டத்தட்ட சாதா ரிசெஸிவ் ஆயிடும், மொதல்ல கொஞ்சம் வேகமா, க்யூ குறையக் குறைய மேல சொன்ன கீழடி வேகத்துலதான் குறையும். ஹெச்-ங்கறது அலீல் நெத்தில எழுதி ஒட்டின நம்பர் இல்லங்க, எந்த ஊர்ல எத அளக்கறீங்கங்கறத பொறுத்து மாறும். ரத்தத்த டெஸ்ட் பண்ணி பாத்தா கேரியர்கிட்ட ரெண்டு வகை ஹீமோகுளோபினும் இருக்கும், வியாதின்னு பாத்தா ரிசெஸிவ், மலேரியான்னு பாத்தா ஒரு காப்பியே பலன் தரும்.

ஹெச்-ஐ மனுஷன் கையால திருகுற இடமும் ஒண்ணு இருக்கு. அக்ரி படிக்கிறவளுக்கு இதுதான் முக்கியம்னு கடைசியா வெச்சேன். பிடி பருத்தியும் (புழுவைக் கொல்ற விஷத்த செடியே தயாரிக்கற மாதிரி ஜீன் சேத்த பருத்தி) இளஞ்சிவப்பு காய்ப்புழுவும். செடில விஷத்தோட டோஸ் அதிகமா இருந்தா எதிர்ப்பு அலீல் ஒரு காப்பி மட்டும் இருக்கற புழுவும் செத்துடும், ரெண்டு காப்பி இருந்தாதான் பிழைக்கும், அதாவது எதிர்ப்ப வேணும்னே ரிசெஸிவ் ஆக்கறாங்க. டோஸ் குறைஞ்சா ஒரு காப்பியே போதும், டாமினன்ட் ஆயிடும். கூடவே கொஞ்சம் சாதா பருத்தியும் போடணும், ரெஃப்யூஜ்னு சொல்லுவாங்க.

ஒரு கோடி புழு, எதிர்ப்பு அலீல் ஆயிரத்துல ஒண்ணு, எண்ணுங்க. 20 சதவீதம் ரெஃப்யூஜ், டோஸ் அதிகம்: பிடி பக்கம் 80 லட்சத்துல ரெண்டு காப்பி உள்ளது 8 புழு, அது மட்டும் பிழைக்கும். ரெஃப்யூஜ் பக்கம் 20 லட்சமும் பிழைக்கும். அந்த 8 வெளிய வந்து ஜோடி தேடினா கிடைக்கறது ரெஃப்யூஜ் பூச்சிதான், குட்டி எல்லாம் ஒரு காப்பி, அடுத்த ரவுண்டுல பிடி செடில செத்துடும். பங்கு 0.001-ல இருந்து 0.001004. அசையவே இல்ல. இப்ப டோஸ் குறைவு, ஒரு காப்பி உள்ளதும் பிழைக்குதுன்னு வைங்க: பிடி பக்கம் கிட்டத்தட்ட 16,000 புழு தப்பிக்கும், பங்கு 0.005. ஒரே தலைமுறைல அஞ்சு மடங்கு. கடைசியா டோஸ் அதிகம் ஆனா ரெஃப்யூஜே இல்ல: ஒரு கோடில 10 புழு பிழைக்கும், பத்தும் எதிர்ப்பு, ஒண்ணோட ஒண்ணுதான் சேரும், பங்கு நேரா 1.

அரிசோனால 1996-ல இருந்து பிடி போட்டாங்க, ரெஃப்யூஜ் கட்டாயம், பத்து வருஷம் புழு அடங்கியே இருந்துச்சு, அப்புறம் மலட்டுப் பூச்சிய கோடிக்கணக்குல விட்டு 2018-ல அமெரிக்க பருத்தி வயல்கள்ல புழுவே இல்லன்னு அறிவிச்சாங்க. இங்க 2002-ல வந்துச்சு, 450 கிராம் பிடி விதை பாக்கெட்டோட 120 கிராம் சாதா விதை தனி பாக்கெட்டா குடுத்தாங்க, நிறைய பேர் அத போடல, போட்டா அந்த இடத்துல புழு திங்கும்னு தெரிஞ்சே யாரு போடுவா, அவங்கள மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது. குஜராத்ல 2009-லயே எதிர்ப்பு தெரிஞ்சுது. இன்னொரு சிக்கலும் சேந்துக்கிச்சு, நம்ம ஊர்ல போட்டதெல்லாம் ஹைப்ரிட், அதோட காய்க்குள்ள இருக்கற விதை மெண்டல் கணக்குல பிரியும், நாலுல ஒரு விதைல பிடி இருக்காது. இந்தப் புழு திங்கறது விதையத்தான், ஒரே காய்க்குள்ள பிடி இல்லாத விதைய கொறிச்சு வளந்து அப்புறம் பிடி விதைக்கு போனா அரைகுறை டோஸ்தான் வாங்கும், ஒரு காப்பி உள்ள புழுவுக்கும் பிழைக்க வழி கிடைச்சிடும். ஹெச் 0-ல இருந்து மெல்ல ஏறுது.

அண்ணன் பொண்ணு இப்ப ஷீட்ல ரெஃப்யூஜுக்குன்னு தனியா ஒரு கட்டம் சேத்து, 20-க்கு பதிலா 5 சதவீதம் போட்டா எத்தனை தலைமுறை தாங்கும்னு ஹெச்-ஐ 0.1, 0.2-ன்னு ஏத்தி ஏத்தி பாத்துட்டு இருக்கா. நேத்து மெசேஜ் வந்துச்சு, கூட்டினா 1 வரலயாம், சராசரியால வகுக்க மறந்துட்டாளாம்.